தலையில் காமிரா

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த காலம் ஒன்று இருந்தது. அரசாங்கம் கடைசியாக முத்துக் குளிப்பு நடத்தியது 1961-ஆம் ஆண்டில். இன்று அந்தக் கடலில் சங்கு குளிப்பவர்கள்தான் இறங்குகிறார்கள்.

முத்துக் குளிப்பவர் எப்படி இறங்குவார்?

கயிற்றின் நுனியில் கனமான கல் ஒன்று கட்டியிருக்கும். கல்லுக்கு மேலே கயிற்றில் ஒரு வளையம். அதில் காலை நுழைத்துக்கொள்வார். மூச்சை இழுத்து அடக்குவார். கயிறு விடப்படும். எட்டு, பத்துப் பாகம் ஆழத்துக்குக் கல் அவரைச் சர்ரென்று கொண்டுபோய்விடும்.

அந்தக் கல்லை அவர் உடம்பில் கட்டிக்கொள்வதில்லை! கால் மட்டும்தான் வளையத்தில் இருக்கும். தரை தட்டியதும் காலை எடுத்துவிடுவார். படகில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். கீழே போக உதவிய கல், மேலே வரும்போது உடம்போடு இருந்தால் எமன்தான். குளியாளின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்று அந்தக் கரையில் சொல்வார்கள். தன் அக்காள், தங்கையின் தாலி அல்லவா அந்தக் கயிற்றில் இருக்கிறது!

ஆழ்கடலில் இறங்குகிறவருக்கு உள்ள இந்த விதி, ஆகாயத்தில் இருந்து குதிக்கிறவருக்கும் அப்படியே பொருந்தும்.

ஆகாயத்தில் என்ன நடக்கிறது?

விமானத்தில் ஏறி, சுமார் 13 ஆயிரம் அடி உயரத்தில் குதிக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் கல்லைப் போல விழுகிறார்கள். வேகம் மணிக்கு 200 கிலோ மீட்டரை நெருங்கும். பிறகு பாரசூட்டை விரிக்கிறார்கள். இது உலகமெங்கும் ஒரு விளையாட்டாக நடக்கிறது. நம் நாட்டில் அரியானாவின் நார்னவுலிலும் நடக்கிறது.

குதிப்பதோடு ஆசை தீர்ந்துவிடுகிறதா? இல்லை. அதைப் படம் பிடித்து ஊராருக்குக் காட்ட வேண்டும். அதற்காகத் தலைக்கவசத்தில் சின்னஞ்சிறு விடியோ காமிராவைப் பொருத்திக்கொள்கிறார்கள். படம் பிடிக்க ஆசைப்படுவதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆபத்து அதைப் பொருத்தும் விதத்தில் இருக்கிறது.

பாரசூட்டில் பல கயிறுகள் உண்டு. விரியும்போது அவை தலைக்குப் பக்கத்தில்தான் பாய்ந்து போகும். தலைக்கவசத்தில் ஒரு முனை துருத்திக்கொண்டு இருந்தால் கயிறு அதில் மாட்டிக்கொள்ளும். பாரசூட் சரியாக விரியாது. முதல் பாரசூட் பழுதானால் அதைக் கழற்றிவிட்டு, இரண்டாவது பாரசூட்டை விரிக்க வேண்டும். ஆனால் கயிறுதான் தலையோடு சிக்கிக் கிடக்கிறதே! எப்படிக் கழற்றுவது? அந்த இழுப்பில் கழுத்து என்ன ஆகும்?

ஆகவேதான் அனுபவசாலிகள் காமிராவைத் துருத்திக்கொண்டு நிற்க விடுவதில்லை. இடுக்குகளை அடைத்து, வழவழப்பாக்கிவிடுகிறார்கள். பலமாக இழுத்தால் காமிரா பிய்த்துக்கொண்டு போகும்படி வைக்கிறார்கள். தாடை வாரில் ஒரு பிடி இருக்கும். அதை இழுத்தால் தலைக்கவசமே கழன்று பறந்துவிடும். காமிரா போகட்டும், கழுத்து பிழைக்கட்டும்! குளியாள் வளையத்தில் இருந்து காலை எடுக்கும் அதே யுக்திதான் இது.

கவனம் எங்கே போனது?

சிக்கு மட்டுமே எமன் அல்ல. 1988 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு விபரீதம் நடந்தது. 800 தடவைக்கு மேல் குதித்த ஒருவர், மற்றவர்கள் குதிப்பதைப் படம் பிடிக்க விமானத்தில் ஏறினார். தானும் குதித்தார். முதுகில் பாரசூட் இல்லை! மாட்டிக்கொள்ளவே மறந்துவிட்டார். விடியோக் கருவியின் சுமையைப் பாரசூட் என்று எண்ணியிருக்கலாம் என்று கருதப்பட்டது. அத்தனை அனுபவம் உள்ளவரையே காமிரா இப்படி ஏமாற்றியது. புதியவர் எம்மாத்திரம்? 200 தடவையாவது குதித்த பிறகே காமிராவைத் தொடுங்கள் என்று அமெரிக்கப் பாரசூட் சங்கம் கூறுவது இதனால்தான்.

ஆகாயத்தில் குதிப்பவர்கள் சிலர்தான். ஆனால் மோட்டார் சைக்கிளில் தலைக்கவசக் காமிராவோடு பறக்கும் பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். கேரளப் போக்குவரத்துத் துறை 2022-இல் இதற்குத் தடை அறிவித்தது. தலைக்கவசத்தில் துளை போட்டால் அது பலவீனம் அடையும். அசையாதபடி ஒட்டிவைத்த காமிராவோடு தலை மோதினால், அடி முழுவதும் அந்த ஓர் இடத்தில் இறங்கும். உயிரைக் காக்க வாங்கிய கவசத்தை வீணாக்குவது என்ன கெட்டிக்காரத்தனம்?

தடை ஒரு பக்கம் இருக்கட்டும். குதிக்கக் கற்றுக் கொடுக்கும் இடங்களில் ஒரு சோதனை கட்டாயம் வேண்டும். காமிரா கட்டியவர் தரையில் நிற்கட்டும். கையுறை போட்டு, கண்ணை மூடி, ஒற்றைக் கையால் தலைக்கவசத்தைக் கழற்றிக் காட்டட்டும். ஒரே இழுப்பில் கழன்றால் விமானத்தில் ஏறலாம். இல்லையென்றால் காமிராவைத் தரையிலேயே வைத்துவிட்டுப் போகட்டும்.