புள்ளியும் பொறுப்பும்: தாதியர் கல்வி பற்றிய ஒரு மறுப்புரை

கல்லூரியில் உயர்ந்த புள்ளி பெற்றவரே உரிமத் தேர்விற் சித்தியடைவர். உரிமத் தேர்விற் சித்தியடைந்தவரே சிறந்த தாதியாவர். இவ்விரு கூற்றுக்களும் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டு, ஐயத்துக்கு இடமற்ற உண்மைகள்போல நம் கல்வியுலகில் வழங்கி வருகின்றன. முதலாவதில் ஓரளவு உண்மையுண்டு. இரண்டாவது தானாக அதிலிருந்து பிறப்பதன்று. முதலாவதைக் காட்டி இரண்டாவதை ஏற்பிக்கும் தருக்கப் பிழையை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இஃது அயல்நாட்டார் வழக்கெனத் தள்ளிவிடத்தக்கதன்று. கொக்குவில் ஆடியபாதம் வீதியில் மருத்துவ பீடம் இயங்குகின்றது. இப்பல்கலைக்கழகத்திலேயே தாதியியலும் பட்டப்படிப்பாகப் பயிலப்படுகின்றது. இங்கு பயில்வோருள் கடல்கடந்து பணிபுரிய விழைவோர் ஐக்கிய அமெரிக்காவின் உரிமத் தேர்வையோ பிரித்தானியாவின் தகுதிகாண் தேர்வையோ எதிர்கொள்ளவேண்டும். ஆதலால், அத்தேர்வுகள் எதை அளக்கின்றன என்பது நம்முடைய வினாவுமாகும்.

அமெரிக்கத் தேர்வு 1994 முதல் கணினியில் நடைபெறுகின்றது. ஒவ்வொருவரும் அளிக்கும் விடைக்கேற்ப அடுத்த வினாவின் கடினம் ஏறும் அல்லது இறங்கும். முடிவோ சித்தி, தவறல் என்னும் இரண்டே. தாதியியற் பாடங்களிலும் உயிரியற் பாடங்களிலும் பெற்ற புள்ளிகளுக்கும் இம்முடிவுக்கும் இடையே இணைபு உண்டென ஆய்வுகள் பன்முறை காட்டியுள்ளன. இதில் வியப்பென்ன? வினாவைப் படித்து விடையைத் தெரிவுசெய்யும் திறனையே இரண்டும் பெரிதும் அளக்கின்றன. ஒரு படியால் அளந்த நெல்லை அதேயளவான இன்னொரு படியால் அளந்தால் அளவு ஒத்துத்தான் போகும். நெல் விளைந்ததா, பதரா என்பதை அந்த ஒப்புமை சொல்லாது.

இவ்விணைபை வைத்துத் தனியொருவரின் விதியைக் கூற முற்படுவது மேலும் தவறு. விளக்கத்துக்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். நூறு மாணவருள் தொண்ணூறு பேர் சித்தியடைகின்றனர் என்க. குறைந்த புள்ளி பெற்ற இருபது பேரைக் கல்லூரி ‘ஆபத்தானோர்’ எனக் குறிக்கின்றது. தவறப்போகும் பத்துப் பேருள் ஆறுபேர் அந்த இருபதினுள் இருப்பினும், மீதிப் பதினால்வர் சித்தியடையக் கூடியவர்களே. ஆறு பேரை இனங்காண்பதற்காகப் பதினால்வர்மீது பழி சுமத்தப்படுகின்றது. உண்மையிலே தவறப்போகும் நால்வரோ கண்ணிற் படாமல் நழுவிவிடுகின்றனர். இவ்விருபதின்மருக்கும் மேலதிக வகுப்பு நடத்தினால் அது கல்வி. அவர்களைத் தேர்வுக்கே விடாது தடுத்தால் அது கல்லூரியின் தன்னலம்.

அத்தன்னலம் கற்பனையன்று. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், முதன்முறை தோற்றுவோரின் சித்தி வீதம் எண்பதுக்குக் கீழே வீழ்ந்தால் கல்லூரியின் அங்கீகாரமே கேள்விக்குள்ளாகும். இதனால் கல்லூரிகள் சில, பாடங்களனைத்திலும் சித்தியடைந்தோரையும் வணிக நிறுவனங்கள் விற்கும் முன்னோடிப் பரீட்சையொன்றின் புள்ளியைக் காட்டி நிறுத்திவைத்தன. அந்நாட்டின் தேசிய தாதியக் கல்விக் கழகம் 2012இல் நேர்மையான பரீட்சிப்புக்கான வழிகாட்டல்களை வெளியிட நேர்ந்ததும் இத்தகைய நடைமுறையினாலேயே. நலிந்தோரை வாயிலில் நிறுத்தினால் வீதம் உயரும். கற்பித்தல் உயர்ந்ததென்று அதற்குப் பொருளில்லை.

தேர்வின் சிறப்பையே முழுதும் நம்பியிருப்போர் பிலிப்பைன்ஸ் நாட்டின் அனுபவத்தையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். 2006 யூன் மாதத் தாதிய உரிமத் தேர்வின் வினாக்கள் முன்கூட்டியே கசிந்தன. அவ்வாண்டு சித்தியடைந்தோர் குறித்த பகுதிகளை மீண்டும் எழுதாவிடின் அமெரிக்காவிற் பணிபுரிவதற்கான சான்றிதழ் இல்லையென அறிவிக்கப்பட்டது. நேர்மையாக எழுதியோரும் இப்பழியைச் சுமந்தனர். ஒரு தாளில் அனைத்தையும் ஏற்றிவைத்தால், அத்தாள் கிழியும்போது அனைத்தும் கிழியும்.

‘அங்ஙனமாயின் தேர்வே வேண்டாமா?’ என வினவுவர். வேண்டும். மருந்தின் அளவைத் தவறாகக் கணிக்கும் கையால் உயிர் போகும். நோயாளியைக் காக்க ஒரு குறைந்தபட்ச எல்லை இன்றியமையாதது. ஆனால், எல்லைக்கல் வேறு, தரக்கோல் வேறு. பிரித்தானியாவில் வெளிநாட்டுத் தாதியர்க்குக் கணினித் தேர்வோடு செய்முறைத் தேர்வொன்றும் உண்டு. நோயாளியை மதிப்பிடல், மருந்து கொடுத்தல், உரையாடல் முதலியவற்றை ஆங்கே செய்துகாட்டவேண்டும். அதுவும் குறையற்றதன்று, எனினும் கையையும் நாவையும் பார்க்க முயல்கின்றது.

நாவைப்பற்றி நாம் சிறப்பாக எண்ணவேண்டும். நம் மாணவர் உயர்தரம்வரை தமிழிற் கற்று, பின் ஆங்கிலத்தில் தாதியியல் கற்று, மீண்டும் தமிழ் பேசும் நோயாளியிடம் செல்கின்றனர். ‘நெஞ்சு எரியுது’ என்று ஒருவர் சொல்வதற்கும் ‘நெஞ்சை அடைக்குது’ என்று ஒருவர் சொல்வதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் செவியால் அறிந்து, உடனே மருத்துவரை அழைக்கும் தாதிக்கு எந்தத் தாளிற் புள்ளி இடுவோம்? அண்டையூரான மானிப்பாயில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். நோயாளியின் மொழி மருத்துவக் கல்விக்குப் புறம்பானதன்று என்பதை அயல்நாட்டார் ஒருவர் அன்றே உணர்ந்திருந்தார். நாம் மறந்துவிடலாமா?

ஆகவே நாம் கோருவன மூன்று. நோயாளர் விடுதியிற் செய்யும் பணியின் மதிப்பீடு, எழுத்துத் தாளுக்கு நிகரான நிறையைப் பெறவேண்டும். நோயாளியோடு அவர் மொழியில் உரையாடும் திறன் முறையாகச் சோதிக்கப்படவேண்டும். சித்தி வீதத்தை விளம்பரஞ் செய்யும் எந்தக் கல்லூரியும், சேர்ந்தோர் எத்தனைபேர், இடையில் நிறுத்தப்பட்டோர் எத்தனைபேர் என்பதையும் உடன் வெளியிடவேண்டும். புள்ளி ஒரு சான்று. அதைத் தீர்ப்பாக்கினால், வகுப்பறையில் மாணவருக்கும் படுக்கையில் நோயாளிக்கும் ஒருங்கே அநீதி இழைத்தவராவோம்.