வீட்டுக் குடிநீரும் சங்கத்தின் கடமையும்

நெசவாளர் வீட்டிலும் உழவர் வீட்டிலும் தேநீர் இன்று ஓர் ஆகாரமாகவே ஆகிவிட்டது. விடியுமுன் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவோருக்கும், இருள் பிரியுமுன் மடை திறக்கச் செல்வோருக்கும் அதுவே முதல் துணை. தறியில் அமர்ந்தபின் களைப்பைப் போக்கவும், சில வேளைகளில் பசியைத் தள்ளிப்போடவும் அதனையே நாடுகின்றனர். இப்பழக்கத்தைப் பழித்துரைக்க நாம் முற்படவில்லை. ஆயினும் எதனையும் கணக்குப் பார்த்துச் செய்வது கூட்டுறவாளரின் முதற்பாடம் அன்றோ? ஆகவே இதனையும் சிறிது கணக்குப் பார்ப்போம்.

நாளொன்றுக்கு ஐந்து குவளை தேநீர் அருந்தும் ஒருவர், குவளைக்கு இரண்டு சிறு கரண்டி சர்க்கரை சேர்ப்பதாகக் கொள்வோம். கரண்டிக்கு 5 கிராம் என வைத்தால், நாளொன்றுக்கு 50 கிராம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. அதுவும் ஒருவருக்கு மட்டும். உலக சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறையின்படி, சராசரி உணவு உண்ணும் வளர்ந்த ஒருவர் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளொன்றுக்குச் சுமார் 50 கிராமுக்குள் அடங்க வேண்டும்; 25 கிராமுக்குள் அடங்கினால் மேலும் நன்று. தேநீர் ஒன்றே அந்த வரம்பு முழுவதையும் விழுங்கிவிடுகிறது. மேலும், உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்தினால், அதிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவின் இரும்புச் சத்தை உடல் ஏற்காதவாறு தடுக்கிறது. 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, நம் மாநிலப் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் எனக் காட்டியது. தார் சுற்றும் தாய்மாரும் களை பறிக்கும் சகோதரிகளும் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

எனவே, ஐந்து குவளைகளுள் இரண்டையேனும் சுக்கு, மல்லி, சீரகம், துளசி முதலியவற்றாலான வீட்டுக் குடிநீராக மாற்றிக்கொள்வது நலம் என்பது நம் கருத்து. இது புதிய யோசனை அன்று. நம் பாட்டிமார் நன்கறிந்த வழக்கமே. புதிதாய் வந்திருப்பது ஒன்று உண்டு. அந்தப் பாட்டிமாரின் கைச்சரக்கை இன்று பளபளக்கும் பொட்டலத்தில் அடைத்து, மூலிகைத் தேநீர் எனப் பெயர் சூட்டி, நமக்கே விற்கிறார்கள். நாமும் வாங்குகிறோம். இதனைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

விளைவித்தவரும் வாங்குபவரும்

குவளை ஒன்றைக் கையில் எடுத்து அதிலுள்ள பொருள்களின் ஊரைக் கேட்டுப் பாருங்கள். மல்லி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் கரிசல் காட்டில் ஐப்பசி மழையை நம்பி விதைக்கப்பட்டுத் தை, மாசியில் அறுவடையாவது. மிளகு கொல்லிமலை போன்ற மலைச்சரிவுகளில் விளைவது. ஏலக்காய் போடிநாயக்கனூர் ஏலத்துக்கு வருவது. வெட்டிவேர் கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் தோண்டப்படுவது. கருப்பட்டி உடன்குடிப் பக்கத்துப் பனையேறிகளின் உழைப்பு. சீரகம் ஒன்றுதான் குஜராத், இராஜஸ்தான் மாநிலங்களிலிருந்து நமக்கு வரவேண்டியிருக்கிறது. ஏனைய யாவும் நம்மவர் கைப்பட்டவை.

இந்நிலையில் கரிசல் விவசாயி தன் மல்லியை அறுவடைக் காலத்தில், கிடைத்த விலைக்கு, மூட்டையாக விற்றுவிடுகிறான். அதே மல்லி அரைபட்டு, ஐம்பது கிராம் பொட்டலமாகி, அவன் ஊர்க் கடைக்கே திரும்பி வருகிறது. அவன் மனைவி அதனை வாங்குகிறாள். விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் தம் ஊர்க் கடையிலேயே விசாரித்து அறியலாம். பருத்தியை விற்றுவிட்டு ஆடைக்கு ஏங்கும் நிலையைப் போன்றதே இதுவும்.

பொட்டலத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. முழுச் சரக்கைக் கண் சோதிக்கும், பொடியைச் சோதிக்காது. மிளகில் பப்பாளி விதை கலந்தால் நீரில் இட்டு மிதப்பதைக் கொண்டு ஐயுறலாம். அரைத்தபின் யார் கண்டார்? அட்டையை வாசிக்கும் பழக்கம் வேண்டும். சேர்மானப் பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சிடவேண்டும் என்பது உணவுச் சட்ட விதி. வரிசையின் முதலில் சர்க்கரை நின்றால், நாம் வாங்குவது மூலிகை அன்று, சர்க்கரையே எனத் தெளியலாம்.

செய்முறை

வீட்டில் செய்வதற்கு எளிய அளவொன்று தருகிறோம். மல்லி 200 கிராம், சுக்கு 50 கிராம், சீரகம் 30 கிராம், மிளகு 15 கிராம், ஏலக்காய் 5 கிராம். ஆக 300 கிராம். மல்லியையும் சீரகத்தையும் வாசனை எழும் அளவுக்கு இளவறுப்பாக வறுக்கவேண்டும், கருகினால் கசக்கும். சுக்கின் மேல்தோலைச் சீவிவிட்டுத் தட்டிப் போடவேண்டும். மாவுபோல் அரைக்காது, ஒன்றிரண்டாகப் பொடித்துக் கொள்வது நன்று. அப்போதுதான் குடிநீர் தெளிவாக இறங்கும். குவளைக்கு 5 கிராம் எனக் கொண்டால், இது 60 குவளைக்கு வரும்; நாளுக்கு இரண்டு குவளை வீதம் ஒருவருக்கு ஒரு மாதத்துக்குப் போதுமானது. ஒன்றரைக் குவளை நீரில் இட்டு, ஒரு குவளையாகச் சுண்டும் வரை கொதிக்கவைத்து வடிகட்டுக.

விதை, வேர், பட்டை ஆகியவற்றைக் கொதிக்கவிட வேண்டும். இலையையும் பூவையும் கொதிக்கவிடலாகாது. துளசி, கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல் ஆகியவற்றின் குணம் அவற்றின் வாசனை எண்ணெயில் இருக்கிறது. கொதித்தால் அது ஆவியோடு போய்விடும். கொதித்து இறக்கிய நீரில் இவற்றை இட்டு, தட்டால் மூடி, ஐந்து நிமிடம் வைத்திருந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் குழித்தறியில் ஈரம் ஊறித் தும்மலும் சளியுமாய்த் துன்புறும் நாட்களில், சூடான இக்குடிநீர் தொண்டைக்கு இதம் தரும். கோடையிலோ, நன்கு கழுவிய வெட்டிவேரை மண்பானை நீரில் ஊறவைத்தாலே போதும். அடுப்பும் வேண்டா, சர்க்கரையும் வேண்டா.

இலைகளையும் பூக்களையும் நிழலில் உலர்த்துக. ஈரம் சிறிதும் இன்றி மூடிவைக்க. பூசணம் பிடித்த சரக்கைக் கழுவி உலர்த்திப் பயன்படுத்துவது சிக்கனம் ஆகாது. அதன் நஞ்சு கழுவினாலும் கொதித்தாலும் போகாது. ஆகையால் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட அளவு பொடித்து வைக்காதீர்கள். கருப்பட்டியைப் பற்றியும் ஒரு சொல்: அது சுவையில் உயர்ந்ததே, ஆயினும் அதுவும் சர்க்கரையே. நீரிழிவு உடையவர் கருப்பட்டி என்னும் பெயரை நம்பித் தாராளமாகச் சேர்ப்பது தவறு.

குடிநீர் வேறு, மருந்து வேறு

இனி நாம் கூறப்போவது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் நம் போன்றோர், பண்டகசாலைப் படிகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: “ஆவாரம்பூ குடிக்கத் தொடங்கிவிட்டேன், மாத்திரையை நிறுத்திவிட்டேன்.” ஆவாரை பூத்த ஊரில் சாவு இல்லை என்னும் பொருள்பட நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. பழமொழி ஆவாரைக்குப் பெருமை. அது மருத்துவரின் சீட்டு ஆகாது. ஆவாரைக்குச் சர்க்கரையைக் குறைக்கும் இயல்பு உண்டென விலங்குகளிடம் நடத்திய சோதனைகள் சில காட்டியிருக்கின்றன. அதுகொண்டு மனிதர் மாத்திரையை எறிந்துவிடலாம் என முடிவு செய்தல் பேதைமை. நீரிழிவு வலி காட்டாமல் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் அரிப்பது. இழை இழையாய்ப் பார்த்து நெய்யும் நெசவாளனுக்குக் கண் போனால் தறியும் போயிற்று. இந்த ஒன்றையேனும் நம் அங்கத்தினர் மறவாதிருக்க வேண்டுகிறோம்.

உடல் மெலியும் என விற்கப்படும் தேநீர்களைப் பற்றி மேலும் எச்சரிக்கை வேண்டும். அவற்றுள் பலவற்றில் நிலாவாரை, அதாவது சென்னா இலை, சேர்கிறது. திருநெல்வேலிச் சீமையின் பெயரால் உலகச் சந்தையில் வழங்கும் சரக்கு அது. அங்குள்ள வறண்ட நில விவசாயிக்குப் பணம் தரும் பயிர். அது பேதி இலை என்பதும் அவ்விவசாயிக்கு நன்கு தெரியும். மலச்சிக்கலுக்குச் சில நாள் அளவோடு கொள்வது வேறு. மெலிவதற்கெனத் தினந்தோறும் குடிப்பது வேறு. தினமும் குடித்தால் கொழுப்புக் குறைவதில்லை. நீரும் உப்புச் சத்துமே வெளியேறுகின்றன. அவ்வாறே அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாகச் சேர்த்தால் இரத்த அழுத்தம் ஏறும். கருவுற்ற தாய்மாரும், இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றுக்கு மருந்து உண்போரும் மருத்துவரைக் கேளாது எந்த மூலிகையையும் வழக்கமாக்கலாகாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது வெறும் எதுகைக்காகச் சொல்லப்பட்டதன்று.

சித்த மருத்துவத்தில் குடிநீர் என்பதற்கு வரையறுத்த முறை உண்டு. நிலவேம்புக் குடிநீருக்குச் சரக்கு ஒன்பது. 2020-ஆம் ஆண்டுத் தொற்றுக்காலத்தில் எங்கும் பேசப்பட்ட கபசுரக் குடிநீருக்குப் பதினைந்து. அவை மருந்துகள்; மருத்துவரிடம் கேட்டு, உரிய இடத்தில் பெற்று அருந்தவேண்டியவை. வைத்தியர்களே அங்கத்தினராகச் சேர்ந்து 1944-இல் சென்னையில் இம்காப்ஸ் என்னும் கூட்டுறவு மருந்தகத்தைத் தொடங்கினர். மருந்து செய்வதற்குப் பயிற்சியும் பொறுப்பும் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். நாம் வீட்டில் செய்வது உணவோடு சேர்ந்த பானம். அதன் பெருமையே அந்த எளிமையில் இருக்கிறது.

சங்கம் செய்யவேண்டுவன

முதலாவதாக, கரிசல் பகுதி விற்பனைச் சங்கங்களும் நெசவாளர் ஊர்ப் பண்டகசாலைகளும் நேரே தொடர்பு கொள்ளவேண்டும். அறுவடைக் காலத்தில் மல்லியை மொத்தமாக வாங்கினால் விளைவித்தவருக்கு நியாய விலையும், வாங்குபவருக்குக் குறைந்த விலையும் கிட்டும். கருப்பட்டிக்குப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கவே இருக்கின்றன. 1904-இல் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் கண்டவர்கள், அன்றாடப் பண்டங்களை அங்கத்தினருக்கு நேர்மையாக வழங்குவதையே கருதினர். அந்த வழியை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, நினைவுகூர்ந்தால் போதும்.

இரண்டாவதாக, பண்டகசாலையில் சரக்கை முழுதாகவே விற்கவேண்டும். பொடியாக்க விரும்புவோருக்குச் சங்கத்தில் ஒரு சிறு அரவை இயந்திரம் வைத்து, கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கலாம்.

மூன்றாவதாக, சங்கம் தானே பொட்டலம் போட்டு வெளியார்க்கு விற்க முற்பட்டால், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தபின்னரே செய்யவேண்டும். அட்டையில் எந்த நோயின் பெயரையும் அச்சிடலாகாது. நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலிய நோய்களைத் தீர்க்கும் என விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்று. அங்கத்தினரை ஏமாற்றி ஈட்டும் இலாபம் கூட்டுறவு இலாபம் ஆகாது என்பதாலும் இதனை வற்புறுத்துகிறோம்.

“இவ்வளவும் யார் செய்வது? வறுப்பதும் இடிப்பதும் பெண்கள் தலையில்தானே விழும்?” எனச் சகோதரிகள் கேட்பது நியாயமே. தாரும் சுற்றி, சமையலும் செய்து, பிள்ளைகளையும் பேணும் அவர்கள் மேல் இன்னொரு சுமையை ஏற்ற நாம் விரும்பவில்லை. பொட்டலம் வீட்டுக்குள் நுழைந்ததே அவர்களுக்கு ஓய்வில்லாததால்தான் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆகவேதான் பொது அரவையைக் கூறினோம். பத்து வீட்டார் சேர்ந்து மாதத்தில் ஒரு நாள், பாவு இல்லாத வேளையில், ஆடவரும் பெண்டிரும் கூடி வறுத்து அரைத்துப் பங்கிட்டுக்கொண்டால், ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேர வேலைகூட ஆகாது. தனித்தனியே சுமையாய் இருப்பது கூடிச் செய்தால் இலகுவாகும் என்பதன்றி நம் இயக்கத்துக்கு வேறு தத்துவம் இல்லை.

அடுத்த பொதுக்குழுவில் எந்தச் சங்கமேனும் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டுவரட்டும். மல்லிக்கு விதைப்புக் காலம் ஐப்பசி. சங்கங்கள் தமக்கு வேண்டிய அளவை அதற்கு முன்னரே கூறிவிட்டால், விவசாயியும் வாங்குவோர் உண்டென்ற துணிவோடு விதைப்பான்.