வாய்க்காலுக்கு வாக்கு இல்லை

இலங்கையில் 2018இல் வந்த கலப்புத் தேர்தல் முறை (60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம்) பல பிரதேச சபைகளைத் தனிப் பெரும்பான்மை இல்லாமல் விட்டது. 2025இலும் அதே கதைதான். வரவு செலவுத் திட்டம் இரண்டு தடவை தோற்றால் தவிசாளரின் கதிரையே போய்விடலாம். ஆகவே கார்த்திகை பிறந்தாலே பேரம் தொடங்கும். இந்த வட்டாரத்துக்கு நாலு தெருவிளக்கு, அந்த வட்டாரத்துக்கு ஒரு கிரவல் ரோட்டு என்று கை கையாக எண்ணித்தான் பாதீடு நிறைவேறுகிறது. எந்த ஒரு வட்டாரத்துக்கும் சொந்தமில்லாத வேலைகள், குறிப்பாகக் கழிவகற்றலும் ஊர் தாண்டி ஓடும் வெள்ளவாய்க்காலும், கடைசியில் நிற்கின்றன. கூட்டணி ஆட்சியே கூடாது என்று சொல்லவரவில்லை. ஒரே கட்சி ஆண்ட சபைகளின் லட்சணமும் தெரியும். கூட்டுச் சேர்பவர்கள் பதவிப் பங்கீட்டோடு நிற்காமல், நாலு வருட வேலைத்திட்டத்தையும் எழுதி வாசிகசாலைச் சுவரில் ஒட்டட்டும்.