'கிடைக்கவில்லை' என்று எழுதும் முன்

எங்கள் இதழுக்கு வரும் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது: 'இப்படைப்பின் முதல் பதிப்பு கிடைக்கவில்லை.' எங்கே தேடினார்கள், எந்தப் பெயரில் தேடினார்கள் என்ற விவரம் இருப்பதில்லை. கணினி விடை சொல்லாததால் நூலே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்த முடிவை இன்னொருவர் மேற்கோள் காட்டுகிறார், பிழை வரலாறாகிவிடுகிறது.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகப் பட்டியலில் அதைத் தேடுகிறவர், ரோமன் எழுத்தில் 'கதை'யை எழுதும்போது பழக்கதோஷத்தில் 'டி'க்குப் பின் ஓர் 'எச்' போட்டுவிட்டால் நூல் அகப்படாமல் போகலாம். அங்கே தமிழ் எழுத்துக்கு நேராக ரோமன் எழுத்து நிற்கும். உச்சரிப்பு கணக்கில் வராது. க எங்கு வந்தாலும் 'கே', ச எங்கு வந்தாலும் 'சி'. 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நூலின் 'சில'வை 'எஸ்' போட்டுத் தேடிப் பயனில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றிலும் இதே முறைதான். ஒரு மாலைப்பொழுதில் பழகிக்கொள்ளலாம். தமிழிலேயே தேடும்போதும் 'புளியமரத்தின்', 'புளிய மரத்தின்' இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

புனைபெயர் இன்னொரு கண்ணி. புதுமைப்பித்தனின் கவிதைகளைத் தேடுகிறவருக்கு வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டும், சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயரையும் விடக்கூடாது.

எல்லாவற்றையும்விட இதழ்கள்தான் பெரும் சுரங்கம். பெரும்பாலான பட்டியல்களுக்கு இதழின் பெயர் தெரியும். உள்ளே இருக்கும் கதை தெரியாது. 'மணிக்கொடி'யில் வந்த ஒரு கதைக்குத் தலைப்பை அடித்துக் காத்திருப்பதைவிட, ஆண்டையும் மாதத்தையும் உத்தேசித்து இதழையே கேட்டு வாங்குவது மேல். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த செல்வம் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. ஈழத்து இதழ்களுக்கு 'நூலகம்' இணையத்தளம் இருக்கிறது. அங்கெல்லாம் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். வாசகர் கடிதமும் 'அடுத்த இதழில்' அறிவிப்பும் நாம் நினைத்தே பார்க்காத படைப்பொன்றைக் காட்டித்தரும். நூலகரிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். பட்டியலில் ஏறாத கட்டுகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பது அவருக்குத்தான் தெரியும்.

அடுத்த இதழ் முதல், 'கிடைக்கவில்லை' என்றோ 'இதுவே முதல்' என்றோ சொல்லும் கட்டுரைகள், தேடிய நூலகங்களையும் தேடிய பெயர்களையும் எழுத்து வடிவங்களையும் அடிக்குறிப்பில் தர வேண்டும். அதற்காக இரண்டு பக்கம் கூடினாலும் வெளியிடுவோம்.