வெளியேறிவிட்டால் போதுமா? விருத்தாசலத்துக்கு ஒரு பிரிட்டன் பாடம்

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக்கும் பிரெக்ஸிட்டுக்கும் என்ன சம்பந்தம்? மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஆனால், பிரிட்டனில் ‘பிரெக்ஸிட்டின் தலைநகரம்’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்த ஊர் லண்டன் அல்ல, ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட். அதுவும் ஒரு பீங்கான் ஊர்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறினால் தொழில் பிழைக்கும் என்று அந்த ஊர் நம்பியது. 2019-ல் ஆர்சிஇபி என்ற பெரிய வர்த்தகக் கூட்டிலிருந்து இந்தியா விலகியபோது, ‘சீனப் பொருள்களிடமிருந்து சிறுதொழில் தப்பித்தது’ என்று இங்கேயும் பேசப்பட்டது. இரண்டு வெளியேற்றங்களும் ஒன்றல்ல. ஆனால், இரண்டுக்குப் பிறகும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வெளியே வந்தாச்சு, அப்புறம்?

ஸ்டோக் ஏன் கோபப்பட்டது?

2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் பிரிட்டன் முழுவதும் 51.9 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்தார்கள். ஸ்டோக்கில் அது சுமார் 69 சதவீதம். வெட்ஜ்வுட், ராயல் டால்டன் என்று உலகம் அறிந்த பெயர்கள் வளர்ந்த வட்டாரம் அது. சுரங்கங்கள் மூடின, இரும்பு ஆலை மூடியது, பானைத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக ஆள் குறைத்தன. ‘எங்களை யாரும் கண்டுக்கல’ என்ற கோபம் அங்கே பொய்யானது அல்ல.

ஆனால், கோபம் போய் நின்ற முகவரிதான் சிக்கல். ராயல் டால்டன் ஸ்டோக்கில் வைத்திருந்த கடைசித் தொழிற்சாலை 2005-ல் மூடப்பட்டபோது அந்த வேலை போன இடம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸ் அல்ல, இந்தோனேசியா. இன்னொரு பக்கம், மலிவான சீனத் தட்டுகள் மீது 2013-ல் பொருள் குவிப்புத் தடுப்பு வரியை உறுதி செய்ததே ஐரோப்பிய ஒன்றியம்தான். அதாவது, எந்த வீட்டை விட்டு வெளியேற ஸ்டோக் வாக்களித்ததோ, அந்த வீட்டின் கதவுதான் சீனத் தட்டுகளைக் கொஞ்சமாவது தடுத்துக்கொண்டிருந்தது. வெளியேறிய பிறகு அந்தப் பாதுகாப்பைத் தொடரும் வேலை பிரிட்டனின் தலையில் விழுந்தது. அதற்கென்று 2021-ல் தனி ஆணையமே அமைக்க வேண்டியதாயிற்று.

அரசியல் சண்டையில் போன ஆண்டுகள்

வாக்கெடுப்புக்கும் வெளியேறலுக்கும் நடுவே மூன்றரை ஆண்டுகள் ஓடின. டேவிட் கேமரூன் பதவி விலகினார். தெரசா மே கொண்டுவந்த ஒப்பந்தத்தை 2019 ஜனவரியில் நாடாளுமன்றம் 432-க்கு 202 என்று தூக்கி எறிந்தது. போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை முடக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைசியில் 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது.

ஸ்டோக்கின் மூன்று தொகுதிகளும் காலங்காலமாகத் தொழிலாளர் கட்சியின் கோட்டை. 2019 தேர்தல் முடிந்தபோது மூன்றும் கன்சர்வேட்டிவ் கையில். 2024-ல் மூன்றும் திரும்பத் தொழிலாளர் கட்சியிடம். கட்சிகள் மாறின, கொடிகள் மாறின. சூளைக்கு எரிவாயு விலை மட்டும் இறங்கவில்லை. உக்ரைன் போருக்குப் பிறகு எகிறவே செய்தது. 2025-ல் ராயல் ஸ்டாஃபர்ட் நிறுவனம் நொடித்துப்போனது. நூறாண்டு கடந்த மூர்கிராஃப்ட் மூடி, பிறகு நிறுவனரின் குடும்பத்தவர் வாங்கி மீண்டும் திறந்தார். எரிசக்திச் செலவே காரணம் என்று தொழில்துறை சொல்கிறது. அதிகம் எரிசக்தி தேவைப்படும் ஆலைகளுக்குப் பிரிட்டன் அரசு கொடுத்த முக்கியச் சலுகை மின்கட்டணத்துக்கானது. பீங்கான் சூளையோ பெரும்பாலும் எரிவாயுவில் ஓடுகிறது!

இந்தியா வெளியேறியது எதிலிருந்து?

ஆர்சிஇபி என்பது ஆசியான் நாடுகள் பத்தும், சீனா, ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா ஆகியவையும் சேர்ந்து 2012-ல் பேசத் தொடங்கிய ஒப்பந்தம். 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில், ‘நாங்கள் சேரவில்லை’ என்று பிரதமர் மோடி அறிவித்தார். ஆக, பிரிட்டனைப் போல உள்ளே 47 ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியேறியது அல்ல; வாசல் வரை போய்த் திரும்பியது. மற்ற 15 நாடுகளும் 2020-ல் கையெழுத்திட்டன. 2022 ஜனவரி 1 முதல் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது.

திரும்பியதற்குக் காரணங்கள் இருந்தன. இறக்குமதி திடீரென்று பெருகினால் தானாக வரி ஏறும் ஏற்பாட்டை இந்தியா கேட்டது. ஒரு பொருள் உண்மையில் எங்கே உருவானது என்பதைச் சோதிக்கும் விதி கடுமையாக இருக்க வேண்டும் என்றது. சீனாவில் சுட்ட கிண்ணம் வேறொரு நாட்டின் லேபிளோடு குறைந்த வரியில் வந்து இறங்கிவிடக் கூடாது என்பதுதான் அந்த அச்சம். உள்நாட்டில் பால் கூட்டுறவுகள், விவசாய அமைப்புகள், ஆர்எஸ்எஸ் சார்பான சுதேசி ஜாக்ரண் மஞ்ச், காங்கிரஸ், இடதுசாரிகள் என்று எதிர்முகாம்களில் இருந்தவர்கள் எல்லாரும் இந்த ஒன்றில் ஒரே பக்கம் நின்றார்கள். விலகியதும் பாஜக ‘உறுதியான தலைமை’ என்றது. காங்கிரஸ் ‘எங்கள் எதிர்ப்பின் வெற்றி’ என்றது.

சரி, அப்புறம் என்ன ஆச்சு? 2018-19-ல் சீனாவுடன் இந்தியாவின் வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 5,300 கோடி டாலர். 2024-25-ல் அது சுமார் 9,900 கோடி டாலர். ஒப்பந்தத்தில் சேராமலேயே இவ்வளவு. சேர்ந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. வரி குறைந்தால் வரத்து கூடும். விலகியது தப்பு என்பதல்ல இங்கே வாதம். கதவைச் சாத்தியது இருக்கும் நிலையைக் காப்பாற்றியது, அவ்வளவே. அது வாங்கிக் கொடுத்தது கொஞ்சம் அவகாசம். அந்த அவகாசத்தில் உள்ளே என்ன நடந்தது என்பதுதான் கணக்கு.

விருத்தாசலத்தின் கணக்கு

இந்த ஊர் பீங்கான் ஊரானதற்கு ஒரு நியாயம் இருந்தது. பக்கத்திலேயே நெய்வேலி, பழுப்பு நிலக்கரிக்கு மேலே தோண்டி எடுக்கும் மண்ணில் பீங்கானுக்கு ஏற்ற களிமண் கிடைத்தது. அரசு தொழிற்பேட்டை அமைத்தது. செராமிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படிக்க அரசுக் கல்வி நிலையமும் வந்தது. பொம்மைகள், விளக்குகள், மின்சார ஃபியூஸ் கட்டைகள் என்று சின்னச் சின்னப் பட்டறைகள் எழுந்தன.

அந்த ஃபியூஸ் கட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். புது வீடுகளில் அதன் இடத்தைப் பிடித்தது சீனப் பீங்கான் அல்ல, எம்சிபி சுவிட்ச். எந்த ஒப்பந்தத்திலிருந்து விலகினாலும் அந்தச் சந்தை திரும்பி வராது. வேண்டியது வேறு பொருளுக்கு மாறும் தொழில்நுட்பம், டிசைன், முதலீடு.

பொம்மை, விளக்கு போன்றவற்றில் இறக்குமதிப் போட்டி உண்மை. அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. சீனப் பீங்கான் சாப்பாட்டுப் பாத்திரங்கள் மீது 2018-ல் இந்தியா பொருள் குவிப்புத் தடுப்பு வரி போட்டது. ஆனால், அப்படி வரி கேட்டு மனுப் போட, நாட்டின் மொத்த உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதம் செய்பவர்களின் ஆதரவு வேண்டும். உற்பத்திச் செலவு, விற்பனை விலை, நஷ்டம் எல்லாவற்றுக்கும் கணக்குப் புத்தகம் காட்ட வேண்டும். நாலு பேர் வேலை செய்யும் பட்டறை இதை எப்படிச் செய்யும்? பெரிய ஆலைக்கு டெல்லியில் வழக்கறிஞர் இருக்கிறார். சின்னப் பட்டறைக்கு அந்த வேலையை மாவட்டத் தொழில் மையமோ மாநில அரசோ எடுத்துச் செய்தால்தான் உண்டு.

சுடும் செலவும் அப்படித்தான். பீங்கான் விலையில் எரிபொருள் பெரும் பங்கு. குறைந்த எரிபொருளில் ஓடும் பொதுச் சூளை, நியாய விலையில் எரிவாயு, தரச் சோதனைக் கூடம், அந்தக் கல்வி நிலையத்தில் படித்து முடிக்கும் மாணவர்கள் வெளியூர் டைல்ஸ் ஆலைக்கு மட்டுமே போகாமல் இங்கேயே தொழில் தொடங்கக் கடன் என்று தேவைப் பட்டியல் நீளமானது அல்ல. ஆனால் இதில் எதுவும் டிவி விவாதத்துக்கு வராது. ‘வெளியேறுவோம்’ என்பது ஒரு வார்த்தை, கோஷம் போடலாம். ‘சூளைக்கு எரிவாயு என்ன விலை?’ என்று கேட்டால் கோஷம் ஆகாது.

அடுத்த கையெழுத்துக்கு முன்னால்

ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால் தனியாகப் பேசும் உரிமை பெற்ற பிரிட்டன், 2025 ஜூலை 24 அன்று இந்தியாவுடன் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஸ்டோக்கின் வெளியேற்றம் சுற்றி வளைத்து நம் வாசலுக்கும் வந்துவிட்டது. இனியும் ஒப்பந்தங்கள் வரும். சேரலாமா, விலகலாமா என்ற சண்டையும் வரும்.

அப்போது விருத்தாசலம் போன்ற ஊர்களின் பெயரைச் சொல்லிப் பேசுபவர்களிடம் கேட்க வேண்டியது இரண்டே விஷயம். சேர்ந்தால், இந்த ஊர் ஏற்றுமதி செய்ய எது தயாராக இருக்கிறது? விலகினால், கிடைக்கும் அவகாசத்தில் எந்த ஆண்டுக்குள் எந்தச் சூளையை மாற்றப் போகிறீர்கள்? இரண்டுக்கும் பதில் இல்லாதவரை, உள்ளே இருந்தாலும் வெளியே வந்தாலும் பட்டறையின் கணக்கு மாறப்போவதில்லை. ஸ்டோக் அதைத் தெரிந்துகொள்ள ஒரு பொதுவாக்கெடுப்பும் மூன்று பொதுத் தேர்தல்களும் தேவைப்பட்டன.