மழை ஆப் ‘ஓகே’ சொல்லிடுச்சு... கடலிடம் கேட்டீங்களா?

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனால் ஓ.எம்.ஆர். அலுவலகங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் ஓடும்: “நாளைக்கு மகாபலிபுரம் போலாமா?” யாராவது ஒருவர் உடனே வானிலை ஆப் ஸ்கிரீன்ஷாட்டைப் போடுவார். சூரியன் சின்னம், 33 டிகிரி, மழை வாய்ப்பு 10 சதவீதம். அவ்வளவுதான், பிளான் உறுதி. அந்த ஸ்கிரீன்ஷாட்டில் ஒன்றே ஒன்று மட்டும் இருக்காது. கடல்.

வானம் தெளிவாக இருந்தால் கடலும் சாதுவாக இருக்கும் என்பது நம்மில் பலருக்கும் இருக்கிற எண்ணம். செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில், அதாவது முட்டுக்காடு, கோவளத்தில் தொடங்கி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் தாண்டிப் போகிற இந்த நீளமான மணல் கரையில், அந்த எண்ணம் வருடத்தில் பாதி நாள் தப்பாகத்தான் போகும்.

இதற்கு மிகக் கசப்பான உதாரணம் கன்னியாகுமரியில் நடந்தது. 2024 மே 6-ம் தேதி, கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். அன்று புயல் இல்லை. கள்ளக்கடல் எச்சரிக்கை மட்டும் அமலில் இருந்தது. அதை வெளியிட்டது ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ். எச்சரிக்கை இருந்தும் அது போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. பிரச்சினையே அங்கேதான்.

காற்றே இல்லை, அலை மட்டும் எப்படி?

மாமல்லபுரத்தில் கரைக்கு வரும் அலைகளில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, பக்கத்திலேயே அடிக்கிற காற்று எழுப்புவது. 4 அல்லது 6 விநாடிக்கு ஒன்று என்று வரும், நுரையோடு சலசலவென்று இருக்கும். காற்று நின்றால் இதுவும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

இன்னொன்று வெகுதூரத்திலிருந்து வருவது. ஆங்கிலத்தில் ‘ஸ்வெல்’ என்பார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்க்டிகாவை ஒட்டிய பகுதிகளில், நமக்குக் கோடை முடியும்போது குளிர்காலம் தொடங்கும். அங்கே சுழலும் பெரும் புயல்கள் கிளப்பிவிடும் அலைகள், அந்தப் புயல் செத்த பிறகும் பயணம் செய்துகொண்டே இருக்கும். 14 விநாடி இடைவெளி கொண்ட ஒரு அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 40 கி.மீ. வேகத்தில் நகரும். 6,000, 7,000 கி.மீ. கடந்து வங்காள விரிகுடாவுக்குள் நுழைய அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். சனிக்கிழமை காலை கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில் உடைகிற அலை, போன வார இறுதியில் நாம் கேள்வியே படாத ஒரு புயலில் பிறந்ததாக இருக்கலாம். உள்ளூர் வானிலை ஆப்பில் அது எப்படித் தெரியும்?

‘கள்ளக்கடல்’ என்பதும் இந்த ரகம்தான். கள்ளன் மாதிரி சத்தமில்லாமல் வருவதால் மீனவர்கள் வைத்த பெயர். கேரளக் கரையில் பிறந்த அந்தச் சொல்லை இன்று விஞ்ஞானிகளும் அப்படியே பயன்படுத்துகிறார்கள்.

நம் கரைக்கு ஒரு தனி விஷயம் உண்டு. அது இலங்கை. மேப்பை எடுத்து மாமல்லபுரத்திலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு போட்டால் அது இலங்கையில் போய் முட்டும். நேர் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் அலைகளுக்கு அந்தத் தீவு ஒரு மதில் சுவர். தீவின் கிழக்குப் பக்கமாக, தென்கிழக்கு சாய்வில் வருபவைதான் நேராக நம் கரையைத் தொடும். மற்றவை வளைந்து, பலம் குறைந்து வரும். ஆகவே கன்னியாகுமரிக்குச் சொல்லும் கணக்கை அப்படியே மாமல்லபுரத்துக்குச் சொல்ல முடியாது. அதற்காக நமக்கு ஆபத்தே இல்லை என்றும் ஆகிவிடாது. இலங்கையைத் தாண்டி வருவதே இங்கே சர்வதேசப் போட்டி நடத்தப் போதுமானதாக இருக்கிறது.

2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்ட் 3 முதல் 12 வரை ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப் நடந்தது. இந்தியாவில் அது நடந்தது அதுவே முதல் முறை. அதில் கர்நாடகத்தைச் சேர்ந்த ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். இரண்டு போட்டிகளும் ஆகஸ்டில் வைக்கப்பட்டது தற்செயல் அல்ல. தெற்கே குளிர்காலப் புயல்கள் உச்சத்தில் இருக்கும். நம் பக்கம் காற்றும் ஒத்துழைக்கும்.

திட்டு வாங்கும் மேல்காற்று

ஜூன் மாதம் சென்னையில் யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான்: “இன்னும் கடல்காற்று வரலையே!” மேற்கிலிருந்து அடிக்கும் காற்று பலமாக இருந்தால் கடல்காற்று உள்ளே வரத் தாமதமாகும். பாதரசம் 40-ஐத் தாண்டும். மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் அதே மேல்காற்று, சர்ஃபர்களுக்கு வரம். கரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் அலையின் முகத்தைத் தடவி வழவழப்பாக்கும், சீக்கிரம் உடையாமல் தாங்கிப் பிடிக்கும். மதியம் கடல்காற்று திரும்பி அடிக்க ஆரம்பித்தால் அதே அலை கலைந்து குழம்பிப்போகும். கோவளத்தில் சர்ஃப் வகுப்புகள் விடிகாலையிலேயே தொடங்குவதற்கு இதுதான் காரணம். வெயிலுக்குப் பயந்து இல்லை. சரி, அதுவும் கொஞ்சம் உண்டு.

இதே மாதங்களில் சாயங்காலம் மேற்கே கருத்து இடி இறங்கும் நாட்கள் நிறைய. இடி கேட்டால் தண்ணீரிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும். இதில் விவாதமே கிடையாது.

அக்டோபருக்குப் பிறகு ஆட்டம் மாறும். வாடைக்காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். அலை பெரிதாக இருக்கும், ஆனால் தாறுமாறாக இருக்கும். புயல் காலமும் இதுதான். 2022 டிசம்பர் 9-ம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. இந்தப் பருவத்தில் பலர் கவனிக்காத ஒரு சங்கதி: அலை, புயலை விட வேகமாக ஓடும். புயல் மெதுவாக நகர்ந்து வரும்போதே அது கிளப்பிய அலைகள் முன்னதாகக் கரை சேர்ந்துவிடும். அப்போது இங்கே நல்ல வெயில்கூட அடிக்கலாம். துறைமுகத்தில் ‘ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு’ ஏற்றினால் “ஒண்ணுதானே” என்று ஸ்க்ரோல் பண்ணிப் போகிறோம். தூரத்தில் ஒரு தாழ்வு மண்டலம் இருக்கிறது, துறைமுகத்துக்குப் பாதிப்பு இல்லை என்பதே அதன் பொருள். கப்பலுக்கு அது சின்ன செய்தி. முழங்கால் தண்ணீரில் குழந்தையோடு நிற்பவருக்கு அப்படி இல்லை.

ஜனவரி முதல் மார்ச் வரை பொதுவாகக் கடல் அமைதி. கால் நனைக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு அதுதான் சீசன்.

நம்பரை எப்படிப் படிப்பது?

இன்காய்ஸ் தளத்திலும் அதன் ‘சமுத்ரா’ செயலியிலும் கடல் நிலை முன்னறிவிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. சர்ஃபர்கள் விண்டி, விண்ட்குரு போன்றவற்றையும் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் உயரம், இடைவெளி, திசை, காற்று என்ற நான்கும் இருக்கும். எல்லோர் கண்ணும் போவது உயரத்தின் மேல். ஏமாற்றுவதும் அதுதான்.

முதலில், ‘1 மீட்டர்’ என்று போட்டிருந்தால் எல்லா அலையும் 1 மீட்டர் என்று அர்த்தமில்லை. வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி அது. எப்போதாவது ஒன்று அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காகவும் வரலாம்.

அடுத்து இடைவெளி. அலையின் ஆற்றல், உயரத்தை அதனாலேயே பெருக்கி, இடைவெளியாலும் பெருக்குகிற கணக்கில் ஏறும். 1.5 மீட்டர் உயரத்தில் 6 விநாடிக்கு ஒன்று வரும் அலைக்கு 13.5. 1 மீட்டர் உயரத்தில் 14 விநாடிக்கு ஒன்று வரும் அலைக்கு 14. பார்க்கச் சின்னதாக இருக்கிற அலைதான் பலசாலி. ஆழம் குறையக் குறைய அது இன்னும் எழும்பும். ஆகவே ஆப்பில் இடைவெளி 12-க்கு மேல் காட்டினால், உயரம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

நீண்ட இடைவெளி அலைகள் கூட்டமாக வரும் பழக்கம் உள்ளவை. சில நிமிடம் ஒன்றுமே இருக்காது. பிறகு மூன்று, நாலு பெரிய அலைகள் அடுத்தடுத்து. சர்ஃபர்கள் இதை ‘செட்’ என்பார்கள். காரை நிறுத்திவிட்டு வந்து, இரண்டு நிமிடம் பார்த்து, “இன்னிக்கு சும்மா குளம் மாதிரி இருக்குப்பா” என்று இறங்குபவர் பார்த்தது இரண்டு செட்டுக்கு நடுவே உள்ள இடைவேளையைத்தான். ஒரு கால் மணி நேரம் கரையில் உட்கார்ந்து பார்த்தாலே கடலின் தாளம் பிடிபட்டுவிடும்.

திசையில் குழப்பம் வேண்டாம். அலை எங்கிருந்து வருகிறது என்பதையே டிகிரியில் போடுவார்கள். 180 என்றால் தெற்கிலிருந்து. நமக்கு 160-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் இலங்கையின் மறைப்பு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அமைதியான இடம்தான் ஆபத்தான இடம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை ஃபார்வர்ட் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

கரைக்கு வந்து குவியும் தண்ணீர் எங்கேயாவது திரும்பிப் போக வேண்டும். மணல் மேடுகளுக்கு நடுவே, பாறைகளையும் தூண்டில் வளைவுகளையும் ஒட்டி, ஒரு குறுகலான வழி கிடைத்தால் அத்தனை தண்ணீரும் அதன் வழியே கடலுக்குள் பாயும். இதுதான் ‘ரிப் கரண்ட்’ எனப்படும் இழுவை நீரோட்டம். வேகம் விநாடிக்கு 2 மீட்டரைக்கூடத் தாண்டும். எதிர்த்து நீந்தி ஜெயிக்க ஒலிம்பிக் வீரருக்கே மூச்சு வாங்கும்.

கொடுமை என்னவென்றால், இந்த இடத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில் மட்டும் தண்ணீர் கொஞ்சம் கறுத்து, அமைதியாகத் தெரியும். நீச்சல் தெரியாதவர்கள், குழந்தைகளோடு வந்தவர்கள் தேடிப்போய் இறங்குவதும் அங்கேதான்.

மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது. இழுவை யாரையும் அடியில் அமுக்காது, வெளியே கொண்டுபோகும், அவ்வளவுதான். கொல்வது பதற்றமும் களைப்பும். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கி உதவி கேட்டு, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை உடையும் இடத்துக்கு வந்துவிட்டால் அலையே கரைக்குத் தள்ளிவிடும். இதைப் பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் எத்தனை வீடுகளில் மாலை போட்ட படம் ஏறாமல் இருந்திருக்கும்!

போர்டு இருக்கு, தகவல் இல்லை

மாமல்லபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் ‘கடலில் குளிக்கத் தடை’ என்ற பலகைகள் உண்டு. வருடம் 365 நாளும் அதே வாசகம். பிப்ரவரியில் கடல் குளம்போல் இருக்கும்போதும் அதே. 14 விநாடி அலை அடிக்கும் நாளிலும் அதே. என்றும் மாறாத எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. ‘புகைபிடிக்காதீர்’ போர்டுக்குக் கீழே நின்று பற்றவைக்கிற ஊர் இது.

கோவளம் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அந்தச் சான்றுக்குரிய பாதுகாப்பு ஏற்பாடுகள் இருப்பது அந்தச் சிறு பகுதிக்கு மட்டும். அதைத் தாண்டி மாவட்டத்தின் மீதிக் கரைக்கு என்ன ஏற்பாடு? கோவா 2008-லேயே தன் கடற்கரைகளில் தொழில்முறை உயிர்காப்பாளர்களை நிறுத்தியது. ஆஸ்திரேலியாவில் சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சர்வதேசப் போட்டி நடத்தும் அளவுக்கு அலையை விளம்பரப்படுத்திய அரசு, அந்த அலையைப் பற்றிய தகவலைச் சனிக்கிழமைக் கூட்டத்துக்குச் சொல்வதற்கு ஏன் தயங்க வேண்டும்?

முன்னறிவிப்பு ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அது மீனவருக்கான அறிக்கையாக, நிபுணர் மொழியில் நின்றுவிடுகிறது. அதைத் தினமும் காலையில் கரையில் ஒரு பலகையில் தமிழில் எழுத வேண்டும். இன்றைய அலை, இடைவெளி, இழுவை எங்கே, இறங்கலாமா, கூடாதா. பக்கத்தில் ஒரு கொடி. எழுத ஆளா இல்லை? கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் தொடங்கிய சர்ஃப் பள்ளியில் தொடங்கி, இந்தக் கரையில் அலையைப் பார்த்தவுடனே படிக்கத் தெரிந்த மீனவ இளைஞர்கள் இருக்கிறார்கள். யாராவது தத்தளித்தால் போர்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் பல நேரம் சர்ஃபர்கள்தான். அந்த வேலைக்குச் சம்பளமும் பயிற்சியும் சீருடையும் கொடுத்தால் போதும். மாவட்ட நிர்வாகத்துக்கு இது பெரிய பட்ஜெட் விஷயம் இல்லை.

அதுவரை, இந்த வாரமே கிளம்புகிறவர்களுக்கு: போவதற்கு முந்தைய ராத்திரி மழையோடு சேர்த்து அலை இடைவெளியையும் பாருங்கள். போன இடத்தில் டீக்கடையிலோ வலை பின்னுபவரிடமோ “அண்ணே, இன்னிக்குக் கடல் எப்படி?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். குடித்திருந்தால் இறங்க வேண்டாம். யாராவது இழுத்துச் செல்லப்பட்டால் பின்னாலேயே குதிக்காமல், காலி தண்ணீர் கேன், டயர் ட்யூப், கயிறு என மிதப்பது எதையாவது வீசுங்கள். கடலோரக் காவல் எண் 1093, கடலோரக் காவல்படை 1554. இப்போதே போனில் சேமித்து வையுங்கள். கரையில் நெட்வொர்க் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.