போர்வெல் தண்ணீரின் உண்மையைப் பலகையில் ஒட்டுவோம்!

திருவாதவூரைச் சுற்றி மனைக்கல் ஊன்றுகிறார்கள். மதுரையிலிருந்து இடம் பார்க்க வருகிறவர்கள் பட்டா கேட்கிறார்கள், மூலப்பத்திரம் கேட்கிறார்கள், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள். போர்வெல் தண்ணீரின் பரிசோதனைத் தாளைக் கேட்பவர் யார்? காட்டுபவர்தான் யார்?

பக்கத்துத் திண்டுக்கல்லைப் பாருங்கள். தோல் ஆலைக் கழிவு நிலத்தடியில் இறங்கியது. 13 கிராமங்களில் கணக்கெடுத்த 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த வேலூர் தோல் ஆலை வழக்குத் தீர்ப்பிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் விவரம் தெரிந்தவன் விலை கேட்காமலே திரும்பிப் போவான். விவரம் எட்டாத கூலிக்காரர் தலையில், நகையை அடகு வைத்து வந்தவர் தலையில், முழு விலைக்குக் கட்டிவிடுவார்கள்.

“வெளியே சொல்லாதீங்க, மனை விலை விழுந்துரும்” என்று நம்மவர்களே சொல்கிறார்கள். விழட்டும்! அந்த விலை இன்னொரு குடும்பத்தின் குழந்தை குடிக்கும் தண்ணீரை மறைத்து ஏற்றிய விலை. நிலத்தடி நீரில் கலந்திருக்கக்கூடிய ஃபுளோரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் நிறமில்லை, வாசனையில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு சொல்கிறது: வாங்குபவர் சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை தனக்குத் தெரிந்திருந்தால், விற்பவர் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் அது மோசடி. ஆனால் சோதிக்காதவர் “எனக்குத் தெரியாதே” என்று கையை விரிக்கலாம். தோழர்களே, அந்த ஒரு சொல்லை அவர்கள் வாயிலிருந்து பிடுங்க வேண்டும். ஊரே சோதித்து, முடிவை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் எவரும் தெரியாது என்று சொல்ல முடியாது. வாடகைக்கு வருகிறவர்களும் படிக்கட்டும்.

தெருவுக்கு இருவர் பொறுப்பேற்க வாருங்கள். சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து, சர்வே எண்ணை எழுதி ஒட்டி, குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுப்போம். கட்டணத்தை ஊர்ப் பொதுவில் போடுவோம். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமையோ, ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமையோ தாண்டினால், மாற்றுக் குடிநீர் கேட்டு அன்றே மனு கொடுப்போம்.

அக்டோபர் 2 கிராம சபையில் நம் தீர்மானம் இதுதான்: புது மனைப்பிரிவு எதுவானாலும் தண்ணீர்ப் பரிசோதனை முடிவைப் பலகை வைத்துக் காட்ட வேண்டும். மனைத் தரகர்கள் எதிர்த்துப் பேச வருவார்கள். வீட்டுக்கு ஒருவராவது வந்து முன்வரிசையில் உட்காருங்கள்; தீர்மானம் பதிவேட்டில் ஏறும்வரை எழுந்திருக்காதீர்கள்!